ஆறு நாள் பத்தியமும் ஒரு நாள் விருந்தும்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு விடயங்கள் நிச்சயம். வாப்பா ஜும்ஆவுக்குப் போய் வருவார். அவர் வந்ததும் பிரியாணிச் சட்டி திறக்கப்படும். மண்கும்பான் மணலில் வெயில் கொதிக்கும் அந்த நேரத்தில் எங்கள் குசினியில் இருந்து போகும் வாசம் அயல் வீட்டாரையும் எட்டிப் பார்க்க வைக்கும். கடந்த வருடம் அந்த வெள்ளிக்கிழமைக்குப் புதிதாக ஒரு பெயர் வந்து சேர்ந்தது: 'சீட் டே'. தமிழில் சொன்னால் ஏமாற்று நாள்.

உம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையோடுதான் அது வந்தது. வெறும் வயிற்றில் பார்த்த சீனி 118. நூறுக்குக் கீழே இருந்தால் சாதாரணம், 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு, இரண்டுக்கும் இடையில் இருப்பது முன்நீரிழிவு நிலை என்று வைத்தியர் விளக்கினார். மருந்து இப்போதைக்கு வேண்டாம், ஆனால் 78 கிலோவில் இருந்து ஐந்தாறு கிலோவாவது குறைக்க வேண்டும் என்றார். மாமியின் மகள் தொலைபேசியில் பார்த்த ஒரு திட்டத்தை உம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆறு நாள் கட்டுப்பாடு, ஏழாம் நாள் விரும்பியதைச் சாப்பிடலாம். கேட்டதும் உம்மாவின் முகம் மலர்ந்து விட்டது. ஏழாம் நாள் எது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு வாரம் கழிந்தது. தராசு முள் அசையவே இல்லை. "என்ன மகள், ஆறு நாளும் பசி கிடந்தும் ஒரு கிலோவும் குறையேல்லையே" என்று உம்மா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்று பெயர். உம்மாவின் உடம்பைப் பற்றிய கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிய கதைதான் இந்தக் கட்டுரை. அந்த நாட்களில் நானும் யாருக்கும் சொல்லாமல் அதே திட்டத்தில்தான் இருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கொப்பியில் போட்ட கணக்கு

முதலில் கணக்குப் பார்ப்போம். உம்மாவின் வயது, உயரம், வீட்டு வேலை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் நிறை கூடாமல் குறையாமல் இருக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1900 கலோரி தேவை. பத்திய நாட்களில் அவர் சாப்பிட்டது சுமார் 1500. ஒரு நாளைக்கு 400 மிச்சம். ஆறு நாளுக்கு 2400.

இனி வெள்ளிக்கிழமை. காலையில் இரண்டு பராட்டாவும் இறைச்சிக் கறியும் 800. பகல் பிரியாணியும் கோழிப் பொரியலும் 1100. வட்டிலப்பம் இரண்டு துண்டு 500. பின்னேரம் இரண்டு ரோல்ஸும் ஒரு போத்தல் இனிப்புப் பானமும் 600. இரவு கொத்து ரொட்டி 900. மொத்தம் 3900. அந்த நாளின் தேவையான 1900ஐக் கழித்தால் மேலதிகம் 2000.

ஆறு நாள் சேமித்த 2400இல் 2000 ஒரே நாளில் செலவு. கையில் மிஞ்சியது 400. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது. வாரம் 400 வீதம் போனால் ஒரு கிலோ குறைய 19 வாரம் செல்லும். ஆறு வாரத்தில் குறைந்தது 300 கிராம் அளவுதான். வீட்டுத் தராசு அதைக் காட்டாததில் வியப்பில்லை. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசை ஒரே நாள் கடைத்தெருவில் கொட்டிவிட்டு வந்த கதை மாதிரித்தான்.

இந்த எண்கள் எல்லாம் கிட்டத்தட்டத்தான். எங்கள் அகப்பைக்கும் பக்கத்து வீட்டு அகப்பைக்கும் அளவு வேறு. ஆனால் கணக்கு சொல்லும் செய்தி மாறாது. பசி ஆறு நாளுக்குப் பிரிந்திருக்கிறது. அதன் பலன் ஒரு நாளில் போய்விடுகிறது.

தராசு சொல்லும் பொய்

சனிக்கிழமைக் காலையில் உம்மா தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். அதைப் பார்த்து அவர் மனம் உடைந்து போவார். இதற்கும் விளக்கம் உண்டு.

நாம் சாப்பிடும் காபோவைதரேற்றின் ஒரு பகுதி ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. பத்திய நாட்களில் இந்தச் சேமிப்புக் குறைந்திருக்கும். ஒரே நாளில் சோறும் ரொட்டியும் சீனியும் போனதும் அது மறுபடி நிரம்பும். கொத்திலும் ரோல்ஸிலும் இருக்கும் உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆகவே அந்த ஒன்றரைக் கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். 2000 கலோரி மேலதிகம் முழுவதும் கொழுப்பாக மாறினாலும் கால் கிலோவைச் சற்றுத்தான் தாண்டும்.

இதே தண்ணீர் மற்றப் பக்கமும் ஏமாற்றும். பத்தியம் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று துள்ளுகிறோமே, அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆகவே நாள்தோறும் தராசில் ஏறிச் சிரிப்பதும் அழுவதும் வீண். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் பார்த்து, மாதக் கணக்கில் ஒப்பிடுவதே சரி.

"அனுசேபத்தைத் தூண்டும்" என்பது உண்மையா?

ஏமாற்று நாளுக்கு ஆதரவாக அறிவியல் போலத் தோன்றும் ஒரு வாதம் உண்டு. பத்தியம் இருந்தால் உடம்பு சிக்கனமாகிவிடும், ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டால் அது மறுபடி விழித்துக்கொள்ளும் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது.

நமது கொழுப்பிழையம் லெப்டின் என்னும் ஓமோனைச் சுரக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜெப்ரி பிரீட்மனின் குழு 1994இல் இதைக் கண்டறிந்தது. கொழுப்பும் உணவும் போதும் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டு போவது இதன் வேலை. நிறை குறையும்போது லெப்டின் குறைகிறது, பசி கூடுகிறது. இதுவரை சரி.

ஒரு நாள் விருந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? சுவிற்சர்லாந்தில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பத்துப் பெண்களுக்கு மூன்று நாட்கள் தேவையை விட 40 வீதம் அதிகமாகக் காபோவைதரேற்று கொடுத்தார்கள். லெப்டின் 28 வீதம் உயர்ந்தது. ஆனால் உடல் செலவிட்ட சக்தி உயர்ந்தது 7 வீதம் மட்டுமே. 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் என்று வைத்தால், 800 கூடுதலாகச் சாப்பிட்டு 140 கூடுதலாக எரித்திருக்கிறார். மிச்சம் 660 எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓய்வு வேறு, ஏமாற்று வேறு

அப்படியென்றால் இடைவெளியே கூடாதா? இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. அவுஸ்திரேலியாவில் நடந்த 'மற்றடோர்' என்ற ஆய்வில் உடற்பருமன் கொண்ட 51 ஆண்கள் பங்குபற்றினர். ஒரு பிரிவினர் 16 வாரங்கள் தொடர்ச்சியாகத் தேவையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். மற்றப் பிரிவினர் இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் ஓய்வு எடுத்து, அதே 16 பத்திய வாரங்களை முடித்தார்கள். தொடர்ந்து இருந்தவர்கள் சராசரியாக 9 கிலோ குறைந்தார்கள். ஓய்வெடுத்தவர்கள் 14 கிலோ.

இதைப் படித்ததும் உம்மாவிடம் ஓடப் பார்த்தேன். நல்ல வேளையாக மறுபடி ஒருமுறை வாசித்தேன். ஓய்வு வாரங்களில் அவர்கள் விரும்பியதை எல்லாம் சாப்பிடவில்லை. நிறை கூடாமலும் குறையாமலும் இருக்கத் தேவையான அளவை மட்டுமே, அளந்து சாப்பிட்டார்கள். உம்மாவின் கணக்கில் அது 1900 கலோரி, 3900 அல்ல. பத்தியத்துக்கு ஓய்வு தரலாம். அளவுக்கு ஓய்வு தரக்கூடாது. ஆய்வு சொன்னது இவ்வளவுதான். அதுவும் ஆண்களிடம் மட்டும் செய்த ஆய்வு என்பதையும் மறக்கக்கூடாது.

நீரிழிவை நோக்கிப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. எச்பிஏ1சி என்ற பரிசோதனை, செங்குருதிக் கலத்தில் ஒட்டிய குளுக்கோசின் அளவைப் பார்க்கிறது. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. ஆகவே அந்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்து தப்ப முடியாது. வெள்ளிக்கிழமையும் அந்தக் கணக்கில் சேரும். ஏற்கனவே மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பட்டினியும் விருந்தும் மாறி மாறிச் செய்வது ஆபத்தானது.

நான் செய்த பிழை

இனி என் கதை. ஒரு கலியாண வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர் என்னைப் பார்த்து, "பிள்ளை நல்லா ஊதிட்டாள்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாளில் இருந்து காலைச் சாப்பாட்டை விட்டேன். பிறகு இரவுச் சாப்பாட்டையும் விட்டேன். படிக்க இருக்கிறது என்று சொன்னால் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆறு நாளும் நான் நினைத்தது வெள்ளிக்கிழமையை மட்டும்தான். இரசாயனவியல் பாடத்தில் இருந்துகொண்டு வட்டிலப்பத்தை நினைப்பேன். வெள்ளி வந்தால் நிறுத்தத் தெரியாது. ஒரு வெள்ளி இரவு எல்லோரும் படுத்த பிறகு, குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்றபடி மிச்சமிருந்த வட்டிலப்பம் முழுவதையும் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. வயிறு வலித்தது. அழுகை வந்தது. சனிக்கிழமை தண்டனையாகத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு ரியூசனுக்குப் போனேன். திரும்பி வரும் வழியில், பண்ணைப் பாலத்தில் பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது கண் இருண்டது. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என்னைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார். மாத ஒழுங்கும் அதற்கு முன்பே குழம்பியிருந்தது. அதை உம்மாவிடம் அன்றுதான் சொன்னேன்.

இது என் மனவுறுதிக் குறைவு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்கு ஏறத்தாழ 1570 கலோரி. அவர்கள் உடல் நிறையில் கால்வாசியை இழந்தார்கள். எந்நேரமும் உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களை வாசித்தார்கள், எரிந்து விழுந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். வளர்ந்த, திடமான ஆண்களுக்கே அப்படி என்றால், அதைவிடக் குறைவாகச் சாப்பிட்ட பதினேழு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

1975இல் வெளியான இன்னோர் ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துப் பிறகு ஐஸ்கிறீம் வைத்தார்கள். மில்க் ஷேக் குடிக்காதவர்களை விடக் குடித்தவர்களே ஐஸ்கிறீமையும் அதிகம் சாப்பிட்டார்கள். பத்தியம் இல்லாதவர்களோ வயிறு நிறைந்ததால் குறைத்துக்கொண்டார்கள். "எப்படியும் இன்று கெட்டுவிட்டது, இனி என்ன" என்ற நினைப்புத்தான் காரணம். ஏமாற்று நாள் அந்த நினைப்புக்கு வாரா வாரம் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது.

வைத்தியர் என் உயரத்தையும் நிறையையும் அளந்தார். 158 சென்ரிமீற்றர், 54 கிலோ. வயதுக்கான உடற்றிணிவுச் சுட்டி அட்டவணையில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் குறைக்க வேண்டிய நிறை ஒன்றும் இல்லை" என்றார். ஆசியரில் வளர்ந்தவர்களுக்குச் சுட்டி 23ஐத் தாண்டினால் கவனம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆனால் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வயதோடு சேர்த்துப் பார்க்கும் அட்டவணை தனியாக உண்டு. தோழிகளே, பெரியவர்களின் அளவுகோலை எடுத்து நம்மை நாமே அளக்கக்கூடாது. கலியாண வீட்டுச் சிரிப்பும் ஓர் அளவுகோல் அல்ல.

உம்மம்மாவின் கோப்பை

எங்கள் வீட்டில் பத்தியத்துக்கு எதிராக இருந்தவர் உம்மம்மா. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கையில் கிடைத்ததோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தளம் போனவர். நிவாரண அரிசியில் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்த காலத்தை அவர் மறக்கவில்லை. ஆகவே கோப்பையில் சோறு மிஞ்சினால் அவருக்குப் பொறுக்காது. "கிடைக்கேக்க சாப்பிடுங்கோ" என்பதுதான் அவர் காட்டும் அன்பு. உம்மா வெள்ளிக்கிழமை மறுக்க முடியாமல் போனதற்கு அந்தக் கோப்பையும் ஒரு காரணம். தராசைப் பார்க்கும் முன் ஒரு வீட்டின் பசி வரலாற்றையும் பார்க்க வேண்டும் என்று அப்போது விளங்கியது.

ஆனால் சிக்கலை அவிழ்த்ததும் உம்மம்மாதான். நான் 'சீட்' என்ற சொல்லுக்கு அர்த்தம் சொன்னபோது, "பெருநாளண்டு சாப்பிடுறது யாரை ஏமாத்த?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நமது மார்க்கத்தில் நோன்பும் உண்டு, பெருநாளும் உண்டு. இரு பெருநாட்களிலும் நோன்பு நோற்பது தடுக்கப்பட்டிருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு; விட்டதைப் பின்னர் களாச் செய்யலாம். சஹர் உணவை விடாமல் இருப்பது சுன்னத். வயிற்றை முழுவதும் நிரப்பாமல் தண்ணீருக்கும் மூச்சுக்கும் இடம் விடச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே கட்டுப்பாடும் மகிழ்ச்சியும் ஒரே ஒழுங்கின் இரண்டு பக்கங்கள். குற்றமாக நினைத்துச் செய்யும் விருந்துக்கும், நன்றியோடு இருக்கும் விருந்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இப்போது என்ன செய்கிறோம்

உம்மாவின் ஏமாற்று நாளை ஒரு வேளையாகச் சுருக்கினோம். வெள்ளி பகல் பிரியாணி உண்டு, ஒரு துண்டு வட்டிலப்பமும் உண்டு. காலையும் இரவும் வழமையான சாப்பாடு: சிவப்பரிசிப் பிட்டு அல்லது இடியப்பம், மீன், முருங்கையிலைச் சுண்டல். கணக்குப்படி அந்த நாள் 2150 அளவில் நிற்கிறது. மேலதிகம் வெறும் 250. வார மிச்சம் 2150. ஒரு கிலோ குறைய 19 வாரம் அல்ல, மூன்றரை வாரம் போதும்.

இனிப்புப் பானத்தை முற்றாக நிறுத்தினோம். 2016இல் இருந்து நம் நாட்டில் போத்தல்களில் சீனி அளவு நிறத்தில் குறிக்கப்படுகிறது. நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. மண்கும்பானில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறுகள் இருக்க, சிவப்பு வட்டம் போட்ட போத்தலை யாழ்ப்பாணத்தில் இருந்து தூக்கி வருவானேன் என்று வாப்பாவே கேட்டார்.

கலியாண வீட்டுச் சஹன்தான் கடினம். பலர் சேர்ந்து ஒரே தட்டில் சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாது. விலகி உட்காரவும் மனம் வராது. உம்மா சஹனில் இருக்கிறார், தன் பக்கத்தில் மட்டும், மெதுவாகச் சாப்பிடுகிறார், இரண்டாம் முறை சோறு வாங்குவதில்லை. அடுத்த நாள் அதற்காகப் பட்டினி கிடப்பதும் இல்லை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அயல் வீட்டு மாமியோடு சாட்டிப் பக்கமாக அரை மணி நேரம் நடக்கிறார், வாரத்தில் ஐந்து நாள்.

அந்த நடைக்கும் அளவு இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முன்நீரிழிவு உள்ளவர்கள் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதையும் இலக்காகக் கொண்டபோது நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. சென்னையை மையமாகக் கொண்டு நடந்து 2006இல் வெளியான இந்திய ஆய்விலும் உணவையும் நடையையும் திருத்தியவர்களிடம் அந்த வாய்ப்பு 28 வீதத்துக்கு மேல் குறைந்தது. நம்மைப் போலச் சோறு சாப்பிடுகிறவர்களாலும் முடியும் என்பதற்கு அதுவே சான்று. உம்மாவுக்கு 7 வீதம் என்பது ஐந்தரைக் கிலோ. ஐந்து மாதத்தில் நான்கு கிலோ குறைந்திருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது சீனி 107. இன்னும் நூறுக்கு வரவில்லை, ஆனால் பாதை சரி.

நான் காலைச் சாப்பாட்டை இப்போது விடுவதில்லை. வெள்ளிக்கிழமையும் எனக்குச் சாதாரண நாளாகிவிட்டது. வட்டிலப்பம் மறுபடி ருசிக்கிறது.

தோழிகளே, நிறை குறைக்க வேண்டுமா என்பதை முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். கண்ணாடியிடமும் தொலைபேசியிடமும் கேட்காதீர்கள். சாப்பாட்டைப் பற்றி இரகசியம் வைக்கத் தொடங்கினால், ஒளித்துச் சாப்பிடுகிறோம் அல்லது ஒளித்துப் பட்டினி கிடக்கிறோம் என்றால், அதை நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பகிடி விடாதீர்கள். காலைக் கோப்பை வெறுமையாக இருக்கிறதா, தொடப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய தாய்மார்களே, ஒரு முறையாவது இரத்தச் சீனியைப் பரிசோதியுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் தேவையில்லை.

பத்தியத்தில் ஏமாற்று நாள் வேண்டுமா என்று உம்மாவிடம் இப்போது கேட்டால், "ஒரு நேரப் பிரியாணி போதும் மகள், அதைச் சாப்பிட எனக்கு ஒருத்தரையும் ஏமாத்தத் தேவையில்லை" என்பார். எனக்கும் அதுதான் பதிலாகத் தெரிகிறது.

க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி
மண்கும்பான்